போனில் வாங்கிய மாத்திரை

பிரதோஷத்துக்குத் திருப்புலிவனம் போகும்போது, பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் சங்க பேட்ஜ் குத்திய மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். அருகில் நின்ற பெண் அவரிடம் கேட்டாள்.

“இன்னாண்ணே, ரெண்டு நாளா கடை சாத்திகீது?”

“போன்ல மருந்து விக்கக்கூடாதுன்னு சங்கத்துல கடையடைப்பு. எல்லாம் உங்களுக்கோசரம்தாம்மா.”

“நல்லா பாத்தீங்க எங்கள. நீங்க சாத்துனதாலதான் என் பொண்ணு போன்ல வாங்கி அனுப்பிச்சி.”

பையிலிருந்து இரண்டு அட்டை மாத்திரைகளை நீட்டினாள்.

“எங்க வூட்டுக்காரரு வலிப்பு மாத்திரை. எனக்குப் படிக்கத் தெரியாது. கலரும் வேறயா கீது. எது காலைல, எது ராத்திரின்னு பயந்துக்கினு இன்னிக்கு ஒண்ணும் குடுக்கல.”

அவர் அட்டைகளில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, பேனாவை எடுத்து ஒன்றில் சூரியனும் இன்னொன்றில் நிலாவும் வரைந்தார்.

“இனிமே போன்லதானா?”

“வூட்டுக்கே வருதேண்ணே.”

“வந்தா எடுத்துக்கினு வா. கடை இருந்தா வரைஞ்சி தரேன்.”