இந்துவின் மணிக்கட்டு

"நான் கேக்குறது ஒண்ணுதான், எம் பொண்ணு போட்டுக்கினு கீற பாவாடை ஏன்..."

"மொதல்ல அப்படி நெழல்ல உக்காரு வள்ளியம்மா, இந்த வெயில்ல நின்னு..."

"உக்கார்ல. இடுப்புல நிக்காம ஏன் நழுவுது? தீபாவளிக்கு எட்த்தது. அப்போ இறுக்கமா இருந்துச்சு..."

"ஓடுற பொண்ணும்மா. ஓடுறவங்களுக்கு உடம்பு அப்படித்தான்..."

"நானுந்தான் நாள்முச்சூடும் கழனில நாத்து நடுறேன். எம் பொடவை நழுவுதா?"

கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கோபத்தில் கத்தும்போதும் வள்ளியம்மாவின் பேச்சு அப்படித்தான் இருக்கும். அவளை எனக்கு எப்போதும் பிடிக்கும். மேடம், மேடம் என்று கூப்பிடுகிறவள் போகப்போக நீ, உன் என்று இறங்கினாள். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பெற்றவள் அப்படித்தான் பேசுவாள்.

நீங்கள் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். பொங்கல் கழிந்து நடந்த அந்தச் சண்டையிலிருந்து சொன்னால் உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். உங்களையும் மேடம் என்றே கூப்பிடுகிறேன், இன்ஸ்பெக்டர் என்று வாயில் வரவில்லை.

எங்கள் கால்பந்துக் கழகத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உத்திரமேரூரில் பெண்பிள்ளைகள் பந்து ஆடுவதைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆள் வருகிறது என்றால் அதற்கு நாங்கள்தான் காரணம். ஏரி வற்றினால் ஏரிக்குள்ளேயே இறங்கி ஆடுவோம். தண்ணீர் ஏறினால் பழைய ரைஸ் மில் களம். மில் குடோன்தான் விடுதி. ஆட்டம் கற்றுக்கொடுப்பது கோச் வேதகிரி சார். பிள்ளைகளின் சாப்பாடு, தூக்கம், துணி, ஊருக்குப் போவது வருவது எல்லாம் என் பொறுப்பு. இதற்கு முன்னால் நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு போட்டால் எப்படி வளரும் என்று கண்ணாலேயே சொல்வேன்.

பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். "உங்க பொண்ணை நாங்க செல்லம் கொஞ்ச மாட்டோம். அவகிட்ட எதிர்பார்ப்போம். எதிர்பார்த்தாத்தான் பிள்ளைங்க மேல வரும்." எல்லாரும் தலையாட்டுவார்கள். வெளித்தீனி கூடாது, மாதம் ஒரு தடவைதான் பார்க்க வரலாம், கேட்டுக்கு வெளியிலேயே நின்று பேசிவிட்டுப் போக வேண்டும். இதில் எதையும் நான் மறைத்ததில்லை.

டீம் அறிவிப்பதிலும் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. பெயர் படிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தட்டுகளைப் பிரித்து வைப்பேன். ஆடப்போகிறவர்களின் தட்டு சுவர் ஓரம், மற்றவர்களின் தட்டு வாசல் ஓரம். சாப்பிட வரும்போது தன் தட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளும். வாசல் ஓரம் உட்கார்ந்தவள் அழமாட்டாள். அழுதால் அடுத்த வாரமும் அங்கேதான். பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்ளும், மேடம். பெரியவர்களைவிடச் சீக்கிரம்.

இந்துவின் தட்டு ஒரு வாரம்கூட வாசல் ஓரம் வந்ததில்லை. இடது காலில் பந்தை வைத்துக்கொண்டு அவள் கரையோரமாக ஓடினால் எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். ஏரிக்கு அந்தக் கரையில், ஊரைத் தாண்டி இருக்கிற குடியிருப்பில் பிறந்தவள். அப்பா மரம் வெட்டப் போனால் வர மாதக்கணக்காகும். அவர்கள் வீட்டில் பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. "ஏரி ஒடையப்போவுதுன்னு ஊரே மூட்டை அடுக்கிச்சே, அந்த மழையில பொறந்தா" என்பாள் வள்ளியம்மா. பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் தனக்குத் தோன்றிய ஒரு தேதியைப் போட்டிருந்தார்.

சித்திரையில் பதிமூன்று வயதுக்கு உட்பட்டோருக்கான மாநிலத் தேர்வு இருந்தது. அதில் எடுபட்டால் விளையாட்டுப் பள்ளி. தங்க இடம், ப்ளஸ் டூ வரை படிப்பு, பிறகு எங்கேயாவது ஒரு வேலை. எடுபடவில்லை என்றால் அடுத்த வயதுப் பிரிவில் டவுன் பிள்ளைகளோடு மோத வேண்டும். பனைமரம் மாதிரிப் பெண்கள். இந்து அவர்கள் இடுப்புக்குத்தான் வருவாள். அதன் பிறகு கழனிதான், கல்யாணந்தான். எங்களிடம் வருகிற பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கதவுதான், மேடம்.

அந்தக் கதவில் எக்ஸ்ரே இருக்கிறது. பள்ளிக்கூடத்துத் தேதியை அங்கே யாரும் நம்புவதில்லை. மணிக்கட்டைப் படம் பிடித்து, எலும்பு முனையில் வளர்ச்சிக்கு இருக்கிற இடைவெளி மூடிவிட்டதா என்று பார்த்து வயதைச் சொல்கிறார்கள். போன வருஷம் மலர்க்கொடி என்று ஒரு பிள்ளையை அழைத்துப் போயிருந்தேன். அவளுக்கு முறையான பிறப்புச் சான்றிதழே இருந்தது. எலும்பு அதைவிட அதிக வயது சொன்னது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வருஷம் முழுக்க அவளுக்குத் தினமும் முட்டை, பயறு, கேழ்வரகுக் கஞ்சி என்று ஊட்டி ஊட்டி வளர்த்தவள் நான். இப்போது அவள் வயிற்றில் ஒரு குழந்தை.

எக்ஸ்ரே எடுத்தவர் நல்ல மனிதர். நான் முகம் வாடி நின்றதைப் பார்த்து, "குடியிருப்புப் பசங்களைக் கூட்டினு வந்திருந்தா இந்தத் தொல்லையே இருக்காது மேடம்" என்றார். "சத்து இல்லாத பசங்களுக்கு எலும்பு லேட்டாத்தான் மூடும். வயசு பதினாலு இருக்கும், எலும்பு பன்னெண்டுன்னு சொல்லும். பாவம்."

அவர் பரிதாபப்பட்டுத்தான் சொன்னார். வாலாஜாபாத்தில் பஸ் மாறி உட்கார்ந்தபோது எனக்கு அது ஒரு வழியாகத் தெரிந்தது. இந்துவின் வயது யாருக்கும் தெரியாது. இனிமேல்தான் முடிவாக வேண்டும். அதை முடிவு செய்கிற கரண்டி என் கையில் இருந்தது.

கோச்சை இதில் இழுக்காதீர்கள். டீ குடிக்கும்போது ஒரு தடவை, "இந்த ஒரு வருஷம் மட்டும் இந்தக் குட்டி இப்படியே இருந்துட்டா போதும் மேடம்" என்றார். யாரும் சொல்கிற பேச்சுத்தான். செய்தது நான்.

பட்டினி போட்டேன் என்று பேப்பரில் வந்திருப்பதாகச் சொன்னீர்கள். பட்டினி என்றால் ஒன்றும் போடாமல் விடுவது. நான் எல்லா வேளையும் போட்டேன். முட்டையை நிறுத்தினேன். பயறை நிறுத்தினேன். பிறகு சோற்றைக் குறைத்துக்கொண்டே வந்தேன். அவள் தட்டு சுவர் ஓரத்தில், முதல் தட்டாகவே இருந்தது. அந்த மரியாதையை நான் குறைக்கவில்லை.

இந்துவிடமும் ஒளிக்கவில்லை. அவளே வந்து கேட்டாள்.

"மேடம், எலும்பு மூடிக்கினா அப்பால தொறக்க முடியாதா?"

"முடியாது."

"மூடாம இருக்க நான் இன்னா பண்ணணும்?"

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். போட்டதைச் சாப்பிடு, போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

கொஞ்ச நாளில் அவள் கண் உள்ளே போயிருந்தது. ஏன் என்று விசாரித்தேன். "தூங்கசொல்லதான் வளருவாங்களாம் மேடம், ஜெனிஃபர் சொன்னா. அதான் தூங்காம உக்காந்துகினு கீறேன்" என்றாள். ஜெனிஃபர் அவளோடு டீமில் ஆடுகிற பிள்ளை. அதை நான் சொல்லவில்லை. அவளாகச் சேர்த்துக்கொண்டது. எதிர்பார்ப்பு என்று நான் சொல்வது இதைத்தான். நாம் ஒரு படி காட்டினால் நல்ல பிள்ளை இரண்டு படி ஏறும். எனக்குப் பெருமையாக இருந்தது. தூங்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மில் களத்தில் சிந்திக் கிடந்த நெல்லைப் பொறுக்கி உமி நீக்கித் தின்கிறாள் என்று ஜெனிஃபர்தான் வந்து சொன்னாள். மற்ற பிள்ளைகளிடம், இந்து எதையாவது தின்றால் டீமே போய்விடும் என்று சொல்லி வைத்திருந்தேன். அவர்கள் ஆளுக்கொரு நேரம் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டார்கள். கக்கூஸுக்குக்கூடக் கூடவே போனார்கள். நான் பூட்டெல்லாம் போடவில்லை. தேவைப்படவில்லை.

வள்ளியம்மா கேட்டில் நின்ற அன்றைக்கு வருகிறேன். பாவாடையில் ஆரம்பித்தவள் கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவ ஈடு பொண்ணுங்கல்லாம் பெரிய மனுஷி ஆயிட்டாளுங்கோ மேடம். இவளுக்கு ஒண்ணும் காணோம். எனக்கு பேஜாரா கீது" என்றாள்.

"அதுக்குள்ள ஆயிடணும்னு உனக்கு என்ன அவசரம்? சித்திரை வரைக்கும் பொறு. இல்ல, கூட்டிட்டுத்தான் போவேன்னா தாராளமாப் போ. இந்த எடத்துக்கு எத்தனை பேர் காத்துக்கிட்டு இருக்காங்க தெரியுமா?"

அவள் கையிலிருந்த துணிமூட்டையைக் கம்பி வழியாக நீட்டினாள். உள்ளே வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, இன்னும் சூடாக இருந்தது. "இத்தையாச்சும் குடு மேடம்." வெளித்தீனி கூடாது என்று தெரிந்தும் வாங்கிக்கொண்டேன். அவள் மனம் நோகக் கூடாது. எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்து, இந்து கையாலேயே ஆளுக்கொரு கிழங்கு கொடுக்கச் சொன்னேன். கொடுத்தாள். பகிர்ந்துகொள்ளப் பழக வேண்டும் இல்லையா. கொடுத்து முடித்ததும் கையை முகர்ந்து பார்த்தாள். கழுவிக்கொண்டு வரச் சொன்னேன்.

மாசியில் ஒரு நாள் மத்தியானம் அவள் சுவரேறிக் குதித்து வீட்டுக்கு ஓடிவிட்டாள். வெயிலில் ஏரியைக் கடந்து நான் போனபோது வள்ளியம்மா சோறு போட்டு, மேலே கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். இந்து தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அதட்டவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"சாப்பிடட்டும் வள்ளியம்மா. வயிறு நிறையச் சாப்பிடட்டும். ஆனா சாப்பிட்டுட்டா இங்கேயே இருந்துடட்டும். நாளைக்கே உன்கூட நாத்து நட அழைச்சிட்டுப் போ."

வள்ளியம்மா தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இன்னாடி சொல்ற?" என்று பெண்ணைக் கேட்டாள்.

"பசிக்கலம்மா" என்றாள் இந்து.

"துன்னுட்டுச் சொல்லுடி."

"பசிக்கலன்னு சொல்றேன் இல்ல."

தட்டைத் தானாகவே தள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். நான் அவள் கையைக்கூடப் பிடிக்கவில்லை. "கூட்டிக்கினு போங்க மேடம்" என்று சொன்னது வள்ளியம்மா. இதை அவளிடமே நீங்கள் கேட்டுக்கொள்ளலாம். வழியெல்லாம் இந்து எனக்கு முன்னால் நடந்தாள். ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தப் பிள்ளை ஜெயித்துவிடும் என்று அப்போது நினைத்தேன்.

தேர்வுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. காலையில் ஏரிக்குள் ஓடிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. "ஒண்ணும் இல்ல மேடம், எழுந்துடுவேன், தட்டை மாத்திடாதீங்க" என்றாள். கோச் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து குடோனில் படுக்கவைத்தார்.

"வண்டி எடுக்கிறேன் மேடம், ஜிஎச் போயிடலாம்" என்றார்.

"வேணாம் சார், வெயில் மயக்கம்" என்றேன்.

அது வெயில் மயக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். சத்துணவில் இருந்தவளுக்கு அந்த வெளுப்பு தெரியாமல் இருக்குமா. ஆஸ்பத்திரிக்குப் போனால் பார்த்தவுடனே குளுக்கோஸ் ஏற்றுவார்கள். பால் கொடு, முட்டை கொடு என்று ஒரு மாதம் வைத்துக்கொள்வார்கள். அத்தனை நாள் கட்டிக் காத்தது ஒரு வாரத்தில் போய்விடும். ஈரத்துணியை நெற்றியில் போட்டுவிட்டு, பிள்ளைகளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். கோச் மத்தியானத்துக்குள் இரண்டு தடவை வந்து கதவைத் தட்டினார். தூங்குகிறாள், எழுப்பாதீர்கள் என்று சொன்னேன். இரண்டாவது தடவை சொன்னபோது அவள் தூங்கவில்லை. மூச்சு இல்லை. எனக்கு அது தெரிந்திருந்தது.

இதில் மறைக்க ஒன்றுமில்லை, மேடம். சோற்றைக் குறைத்தது நான். பிள்ளைகளைக் காவல் வைத்தது நான். வண்டி வேண்டாம் என்றது நான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு நான் செய்த மாதிரி யாரும் செய்ததில்லை, அதையும் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். அவளைப் பெற்றவள்கூட நாற்று நடத்தான் கூப்பிட்டாள்.

வயது தெரியாத பிள்ளை என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் அறுக்கும்போது எலும்பைப் படம் எடுத்துத்தான் வயதை முடிவு செய்வார்களாம். வெளியே நிற்கிற கான்ஸ்டபிள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. நீங்கள் எழுந்துவிட்டீர்கள். நான் இனிமேல் ஒன்றும் சொல்லப்போவதில்லை, கேட்கத்தான் ஒன்று இருக்கிறது.

"மேடம், இந்து கைய எக்ஸ்ரே எடுத்துட்டாங்களா? பதிமூணுக்குக் கீழதானே வந்துச்சு?"