பதினான்காம் கேள்வி

பள்ளிக் கட்டுரைகளுக்கு அப்பால் எதுவும் எழுதிப் பழகாத கை இது. ஒரு கதையை அச்சுக்கு அனுப்பத் துணிந்தமைக்கு வாசிக்கும் பெரியோர் பொறுத்தருள வேண்டும். வருணிக்கும் திறம் இல்லாமையால், தொடக்கத்துக்கு வேண்டிய செய்தியை மட்டும் சொல்லிவிட்டு, இருவர் பேசியதைப் பேசியவாறே வைத்துவிட்டேன்.

டெக்ஸாஸ் மாநிலத்து ஆலனில், ஜூலை வெயிலில், ஒரு மகப்பேறு கிளினிக்கின் வாசலில் நிறுத்திய காருக்குள் ஷ்யாமளாவும் அவள் மாமியார் விசாலாக்ஷியும் அமர்ந்திருந்தார்கள். மணமாகி ஆறு ஆண்டு கழித்து ஷ்யாமளாவுக்கு இது ஒன்பதாம் வாரம். முதல் ஸ்கேனுக்கு இருபது நிமிடம் இருந்தது. கணவன் சாய்ராம் அலுவலகத்திலிருந்து நேரே வந்துகொண்டிருந்தான்.

புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று மருமகள் மாதவிலக்காகித் தூரமாகிவிடக் கூடாதென்று, நாள் தள்ளிப்போடும் மாத்திரைகளைச் சென்னையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவர் விசாலாக்ஷி. அப்போதே அவள் கருவுற்றிருந்தது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த நாள்முதல், பதினாறு நாளாக, குழந்தைக்கு ஏதேனும் ஆனால் அது தன் பாவம் என்று மகனிடம் சொல்லிச் சொல்லி அவர் அழுதார். மகன் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். ஷ்யாமளா ஒன்றும் சொல்லவில்லை.

விசாலாக்ஷி: ...அந்த அட்டை மூணையும் பையில எடுத்துண்டு வந்திருக்கேன். டாக்டர் கேட்டா காட்டணுமே.

ஷ்யாமளா: காலி அட்டையையா?

விசாலாக்ஷி: பின்னாடி பேர் போட்டிருக்கோல்லியோ. முப்பதையும் எதிர உக்காந்து முழுங்க வெச்சேன். பாவி.

ஷ்யாமளா: போதும்மா. ஏசியைக் கொஞ்சம் உங்க பக்கம் திருப்பட்டுமா?

விசாலாக்ஷி: வேண்டாம். ஏற்கெனவே தலை விண்ணு விண்ணுங்கறது.

ஷ்யாமளா: ஒரு வாய் காபி குடிச்சா சரியாயிடும். எதிர்லயே கடை இருக்கு.

விசாலாக்ஷி: வேண்டிண்டாச்சு. நல்ல சேதி வர வரைக்கும் காபி கெடையாது.

ஷ்யாமளா: பதினாறு நாளாச்சு. உங்க மூஞ்சியைப் பாத்துப் பெருமாளே டிகாக்‌ஷன் போட்டுடுவார்.

விசாலாக்ஷி: கிண்டல் பண்ணாதே... ஃபார்ம் முடிச்சியோ? வந்ததுலேர்ந்து போனைத் தட்டிண்டிருக்கே.

ஷ்யாமளா: பதிமூணு கேள்வி முடிஞ்சுது.

விசாலாக்ஷி: மாத்திரையை எழுதினியோ?

ஷ்யாமளா: பேர், எத்தனை நாள், எல்லாம் எழுதியாச்சு.

விசாலாக்ஷி: மாமியார் குடுத்தான்னு?

ஷ்யாமளா: அதுக்கெல்லாம் கட்டம் கெடையாதும்மா.

விசாலாக்ஷி: இருந்தா எழுதிடு... பதினாலாவது என்ன?

ஷ்யாமளா: ஒண்ணும் இல்லை.

விசாலாக்ஷி: ஒண்ணும் இல்லாததையா கால்மணியா மொறைச்சுண்டிருக்கே?

ஷ்யாமளா: கடைசியா தூரமானதுலேர்ந்து... ட்ரிங்க்ஸ் எடுத்துண்டேளா, எத்தனைன்னு. எல்லாரையும் கேக்கறதுதான்.

விசாலாக்ஷி: ம். சரி, எழுது.

ஷ்யாமளா: அம்மா, ஒண்ணு சொல்றேன். இவர்கிட்ட இப்போ சொல்லவேண்டாம்.

விசாலாக்ஷி: அவன் எங்க என்னோட பேசறான்? நேத்திக்கு உப்பு எங்கேன்னு கேட்டேன். அலமாரியைப் பாத்துக் கையைக் காட்டினான்.

ஷ்யாமளா: அதுதாம்மா எனக்குத் தாங்கலை. கொழந்தைக்கு ஏதாவது ஆனா அது உங்களால இல்லை... உங்களால மட்டும் இல்லை.

விசாலாக்ஷி: சுத்தி வளைக்காம சொல்லு.

ஷ்யாமளா: கிரகப்பிரவேசம் முடிஞ்சு மறு வாரம் இவர் வேலையா குபெர்டினோ போயிருந்தார். அந்த சனிக்கிழமை என் ஃப்ரெண்ட் விஷாகாவும் ஆபீஸ்ல ரெண்டு பேரும் வீடு பாக்க வந்தா இல்லையா...

விசாலாக்ஷி: வந்தா. பனீர் மிஞ்சிப் போய் ரெண்டு நாள் அதையே சாப்ட்டோம்.

ஷ்யாமளா: விஷாகா ஒயின் கொண்டுவந்திருந்தா. புது வீட்டுக்குன்னு.

விசாலாக்ஷி: ம்.

ஷ்யாமளா: மாத்திரையை நிறுத்தினா மூணு நாள்ல வந்துடும்னேளே. வரலை. ஆறு நாளாச்சு. மாத்திரைதான் ஏதோ கொழப்பிடுத்துன்னு விட்டுட்டேன். ஆறு வருஷமா மாசா மாசம் நாள் எண்ணினவ நான்... அந்த ஒரு மாசம்தான் எண்ணலை.

விசாலாக்ஷி: எண்ணவிடாம பண்ணினது என் மாத்திரைதானே.

ஷ்யாமளா: பாத்தேளா, மறுபடியும் அதே. நான் குடிச்சேம்மா. அதான் சொல்ல வந்தேன்.

விசாலாக்ஷி: ம்.

ஷ்யாமளா: வெறும் ம்-மா?

விசாலாக்ஷி: கேட்டுண்டுதானே இருக்கேன்.

ஷ்யாமளா: நீங்க அழுதேள். நான் பாத்துண்டு சும்மா இருந்தேன். எனக்கு... சௌகரியமா இருந்தது. உங்க மாத்திரை முன்னாடி நிக்கறச்சே என்னை யாரும் ஒண்ணும் கேக்கலை.

விசாலாக்ஷி: அவனும் சனிக்கிழமை ஆனா பீர் டின்னைத் திறக்கறவன்தானே.

ஷ்யாமளா: அவர் வயித்துல ஒண்ணும் இல்லையே.

விசாலாக்ஷி: தொப்பை இருக்கு.

ஷ்யாமளா: சிரிக்க வெக்காதீங்கோம்மா... அழுகையா வரது.

விசாலாக்ஷி: டாக்டராத்துல யாரையாவது கேட்டியோ?

ஷ்யாமளா: பேர் சொல்லாம நர்ஸுக்கு போன் பண்ணினேன். தெரியறதுக்கு முன்னாடி குடிச்சுட்டு நெறைய பேர் இப்படித்தான் கேக்கறாளாம். இனிமே தொடாதே, வரச்சே மறைக்காம சொல்லுன்னா.

விசாலாக்ஷி: ஒண்ணும் ஆகாதுன்னாளா?

ஷ்யாமளா: ஆகும்னும் சொல்லலை, ஆகாதுன்னும் சொல்லலை. நாலு தடவை மாத்தி மாத்திக் கேட்டேன்.

விசாலாக்ஷி: அப்போ உள்ளதை எழுது. அவாளுக்காவது நெஜம் தெரியட்டும்.

ஷ்யாமளா: இவர் பக்கத்துல உக்காந்து படிச்சுட்டா?

விசாலாக்ஷி: வரதுக்குள்ள எழுது.

ஷ்யாமளா: ...எழுதிட்டேன். ரெண்டு.

விசாலாக்ஷி: ரெண்டா?

ஷ்யாமளா: ரெண்டு கிளாஸ்தாம்மா.

விசாலாக்ஷி: அஞ்சு.

ஷ்யாமளா: என்னது?

விசாலாக்ஷி: அஞ்சுன்னு போடு, ஷ்யாமா. நீங்க கொல்லைப்பக்கம் உக்காந்திருந்த எடத்துக்கு நேர் மேலதான் என் ஜன்னல். ஊத்தட்டுமா, ஊத்தட்டுமான்னு விஷாகா கேட்டுண்டே இருந்தா. நீ அஞ்சு தடவை சரின்னே.

ஷ்யாமளா: தூங்கிட்டேள்னு நெனச்சேன்...

விசாலாக்ஷி: அப்படி நெனச்சுக்கட்டும்னுதான் லைட்டை அணைச்சேன். காலம்பற கிளாஸை அலம்பி வெச்சதும் நான்தான்.

ஷ்யாமளா: எறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

விசாலாக்ஷி: நீ சிரிச்சிண்டிருந்தே. ஆறு வருஷத்துல நீ அப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்லை. நடுவுல வந்து எப்படி நிப்பேன்?

ஷ்யாமளா: எல்லாம் தெரிஞ்சுண்டேவா மாத்திரை மாத்திரைன்னு அழுதேள்? இவர் உங்களோட பேசறதையே விட்டுட்டாரே... ஏம்மா?

விசாலாக்ஷி: அதோ அவன் வண்டி திரும்பறது, கண்ணைத் தொடைச்சுக்கோ... அவனுக்கு யார் மேலயாவது கோபப்பட்டாகணும். என் மேல பட்டா, நான் அடுத்த மாசம் ஃப்ளைட் ஏறிப் போயிடுவேன். நீ அவனோட இங்கயே இருக்கணுமே.

ஷ்யாமளா இரண்டை அழித்து ஐந்து என்று எழுதினாள். உள்ளே, திரையில் குழந்தையின் இருதயம் துடித்ததை மூவரும் பார்த்தார்கள். மாத்திரையையும் ஒயினையும் குறித்துக்கொண்ட மருத்துவர், இப்போதைக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, மீதியைப் போகப் போகப் பார்ப்போம் என்றார். அன்று மாலை ஷ்யாமளா அந்த ஐந்தைக் கணவனிடமும் சொன்னாள்.

அதுவரை போனவை: விசாலாக்ஷியின் பதினாறு நாள் காபி. ஷ்யாமளாவின் பதினாறு இரவுத் தூக்கம். தாயும் மகனும் பேசிக்கொண்டிருக்க வேண்டிய பதினாறு நாள். அவர் ஊர் திரும்ப இன்னும் இருபத்திரண்டு நாளே இருந்தது. ஜன்னலுக்குக் கீழே கேட்ட அந்தச் சிரிப்பு. அது இன்னும் திரும்பி வரவில்லை.