மஞ்சள் ஐரிஸ்

எண்பதுகளின் நடுவில் ஒருநாள், ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரப் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள் இருந்தார்கள். இளையவளின் மடியில், நனைந்த செய்தித்தாளில் சுற்றிய ஒரு செடி.

"அக்கா, இந்த ஐரிஸை நீங்கள் கொண்டுபோய் நடுங்கோ."

"ஏன்? எங்கட அகதி முகாமுக்குப் பின்னால, தண்ணி நிக்கிற மூலையில நல்லாத்தானே நிண்டது?"

"ஓம். ஈரம் மட்டும் இருந்தால் அதுக்குக் காணும். அடுத்த வருஷம் மஞ்சளாப் பூக்குமாம். என்னை ஊருக்குத் திரும்பிப் போகச்சொல்லி அரசாங்கத்தில முடிவாச் சொல்லிப்போட்டினம்."

இளையவள் செடியை அக்காவின் பக்கம் நீட்டினாள்.

"இது இந்த நாட்டுச் செடி, அக்கா. இதை ஒருத்தரும் போகச் சொல்லமாட்டினம்."

அக்கா செடியை வாங்கவில்லை. இளையவளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் போன கிழமை அதைத்தான் சொன்னவை, பிள்ளை. உனக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் இருந்தனான்."