பென்சில் இல்லாமல் படித்தது

செப்டம்பர் பதினான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலையில் இளவெயில், நண்பகலுக்குப் பின் வானம் மூடிக்கொண்டு, காற்று அசையாத புழுக்கம். கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் சிறு கடையொன்றில் கணவனும் மனைவியும் பேசிக்கொண்டிருக்கின்றனர்.

மனைவி: …போன ஆறு தடவையும் வீட்டு வாசல்லயே நிறுத்தி வெச்சுக் கேட்டீங்க. இன்னைக்கு ஒண்ணுமே கேக்கலையே?

கணவன்: சாப்பிட்டியான்னு கேட்டேனே.

மனைவி: பரீட்சையப் பத்திக் கேக்கல.

கணவன்: அந்த விளக்கைக் கொஞ்சம் இப்படிச் சாய்ச்சுப் பிடி. இந்த ஸ்க்ரூ என் கண்ணுல சிக்குவேனாங்குது.

மனைவி: பேச்ச மாத்தாதீங்க…

கணவன்: மாத்தல. உண்மையாவே சிக்கல.

பேக்கரிக்காரர் (கடை வாசலில் வந்து நின்று): என்ன ஆபீசரம்மா! முடிஞ்சுதா சர்க்கார் வேலைப் பரீட்சை?

மனைவி: ம்… முடிஞ்சுது, அண்ணே.

பேக்கரிக்காரர்: உன் வீட்டுக்காரன் ஒரு வாரமா கடை கடையா ஏறி எறங்குறான். இதுதான் கடைசி, இதுக்கு மேல வயசு வரம்பு தாண்டிடும், இந்தத் தடவை எம்பொண்டாட்டி பாஸாகியே தீருவான்னு. சுலபமா இருந்துச்சா?

மனைவி: சுலபமாத்தான் முடிஞ்சுது.

பேக்கரிக்காரர்: அப்புறமென்ன! கேக் என் பொறுப்பு. டேய், என் சுவர்க் கடிகாரம் என்னாச்சு?

கணவன்: செவ்வாய்க்கிழமை வாங்கண்ணே.

பேக்கரிக்காரர்: போன வாரமும் செவ்வாய்க்கிழமைன்னுதானே சொன்னே?

கணவன்: அது வேற செவ்வாய்ண்ணே.

பேக்கரிக்காரர்: ஊருக்கே நேரத்தச் சரிபண்றவன் பேசுற பேச்சப் பாரு! வரேன்மா.

மனைவி: …போயிட்டாரா?

கணவன்: போயிட்டார்.

மனைவி: அந்தப் பேரு இனிமே வேண்டாங்க.

கணவன்: எந்தப் பேரு?

மனைவி: ஆபீசரம்மா. நீங்க வெச்ச பேருதானே? தெருவே கூப்பிடுது.

கணவன்: ஆசையா வெச்சேன்.

மனைவி: தெரியும். அதனாலதான் ஏழு வருஷமா வேண்டாம்னு சொல்ல வாய் வரல.

கணவன்: …சரி. விட்டுடறேன். அந்தக் கப்பல் கதை எதுவரைக்கும் வந்திருக்கு?

மனைவி: இப்ப எதுக்கு அது?

கணவன்: சும்மாதான். எந்தப் பக்கத்துல இருக்க?

மனைவி: பக்கம் பாக்கல.

கணவன்: நீயா? மாடிப்படி ஏறும்போதே எண்ணுற ஆளாச்சே.

மனைவி: கிண்டலா?

கணவன்: பின்ன? பரீட்சைப் புத்தகத்துக்கு நடுவுல மூச்சு விட்டுக்கட்டும்னு ஒரு கதைப் புத்தகம் குடுத்தேன். மறுநாள் காலையில பாத்தா, அம்பது கேள்வி எழுதி வெச்சிருக்க!

மனைவி: நாப்பத்தெட்டு.

கணவன்: கப்பல் சமையல்காரன் சட்டையில எத்தனை பட்டன்? அ, ஆ, இ, ஈ… கதை எழுதினவருக்கே தெரிஞ்சிருக்காது.

மனைவி: பழகிப்போச்சுங்க. என்னத்தக் கையில எடுத்தாலும், இதுல என்ன கேப்பாங்கன்னுதான் கண்ணு தேடுது. நீங்களும் என் பென்சிலயெல்லாம் ஒளிச்சு வெச்சீங்க.

கணவன்: ஸ்டாப் வாட்ச்சையும்.

மனைவி: பிடிக்கலன்னா பாதியில தூக்கிப் போடு, பிடிச்சா அதையே பத்து தடவை படி, யாரும் மார்க் போடப் போறதில்லன்னு சொன்னீங்க. எனக்கு எவ்வளவு பயமா இருந்துச்சு தெரியுமா? மார்க் இல்லன்னா எதுக்குப் படிக்கணும்னே எனக்குத் தெரியல.

கணவன்: இப்பத் தெரியுதா?

மனைவி: …இன்னைக்குத் தெரிஞ்சுது.

கணவன்: ம்.

மனைவி: அந்த மீன்… அந்தச் சமையல்காரனுக்குச் சமைக்கவே தெரியாதுங்க. அவன் மனசு நோகக் கூடாதுன்னு கப்பல்ல ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. ஆஹான்னு சொல்லிட்டு, யாருக்கும் தெரியாம கடல்ல கொட்டிடுவாங்க. கப்பலுக்குப் பின்னாடியே ஒரு பெரிய மீன் கூட்டம் வரும். அவன் அதப் பாத்துட்டு, என் சமையல் வாசனைக்கு மீனே வருது பாருன்னு… என்னங்க…

கணவன்: சொல்லு.

மனைவி: நான் பரீட்சை எழுதல. உள்ளயே போகல. ஹால் டிக்கெட் பையில இல்ல. பரீட்சை நடக்கற பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல, பஸ் ஸ்டாப்புல உக்காந்து பையக் கவுத்துத் தேடினேன். அப்ப மணி ஒன்பதுதான். கேட்டை ஒன்பதரைக்குத்தான் மூடுவாங்க. ஒரு போன் போட்டிருந்தா பத்து நிமிஷத்துல வண்டியில கொண்டுவந்து குடுத்திருப்பீங்க.

கணவன்: போடலையா?

மனைவி: போனக் கையில எடுத்தேன். உங்க நம்பர் வரைக்கும் வந்தேன்… போடல.

கணவன்: ஏன்?

மனைவி: எப்பவும் அந்தக் கேட்டைப் பாத்ததும் நெஞ்சு அடைச்சுக்கும். இன்னைக்கு டிக்கெட் இல்லன்னு தெரிஞ்சதும் மூச்சு தாராளமா வந்துச்சுங்க. அப்படியும் வருமான்னு இருந்துச்சு. பைக்குள்ள எல்லாத்தையும் திரும்பப் போடும்போது அந்தப் புத்தகம் கையில பட்டுச்சு. ரெண்டு வரி படிக்கலாம்னு…

கணவன்: கேட்டை மூடற சத்தம் கேட்டுச்சா?

மனைவி: இல்ல. அதான்… அதுதான் என்னால தாங்க முடியல. அது என் காதுலயே விழல. நிமிந்து பாத்தா மூடிக் கெடக்கு. ஏழு வருஷமா நீங்க சமைச்சுப் போட்டு, துணி துவைச்சு, வீட்டுக்கு வந்த சொந்தக்காரங்களையெல்லாம் வாசல்லயே நிறுத்தி, அவ படிக்கறா, சத்தம் போடாதீங்கன்னு… நான் மீன் கதை படிச்சுட்டு வந்திருக்கேன்.

கணவன்: அழாத.

மனைவி: திட்டுங்களேன்! பேசாம இருந்தாத்தான் பயமா இருக்கு.

கணவன்: என்னன்னு திட்டறது?

மனைவி: கடைசி வாய்ப்பத் தொலைச்சுட்டேன்னு திட்டுங்க. வீட்டுக்குப் போய்த் தேடினேன். மேசை, அலமாரி, தலகாணிக்கு அடியில… எங்கேயும் இல்ல. அதையாவது ஒழுங்கா வெச்சேனா…

கணவன்: தேடாத.

மனைவி: ஏன்?

கணவன்: என் சட்டைப் பையில இருக்கு.

மனைவி: …உங்ககிட்ட எப்படி?

கணவன்: நீ கெளம்பினப்புறம் மேசையில கெடந்துச்சு. அடிச்சுப் பிடிச்சு வண்டிய எடுத்துட்டு வந்தேன். பள்ளிக்கூடத்து ஓரமா நிறுத்திட்டு, எதிர்ப்பக்கம் உன்னப் பாத்துட்டேன். கூப்பிட வாயத் தொறந்தேன். நீ சிரிச்ச. தனியா, ஒரு புத்தகத்தப் பாத்து, தோள் குலுங்கக் குலுங்க. ஏழு வருஷத்துல கையில புத்தகத்தோட உன்ன அப்படி நான் பாத்ததே இல்ல. ஒரு சத்தம் குடுத்திருந்தா ஓடி வந்திருப்ப, உள்ள போயிருப்ப. குடுக்கல. வண்டியத் திருப்பிட்டேன்… கேட்டை மூட இன்னும் நாலு நிமிஷம் இருந்துச்சு. அப்ப மணி ஒன்பது இருபத்தாறு.