ஹாலில் குதிரை

"குதிரைய ஹால்ல கட்டிட்டு, நானும் ஒங்கக்காவும் சமையல் ரூம்ல படுத்துக்கிறோம் மச்சான்."

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டிலிருந்து இது வந்தது. வெளியே அடைமழை. சொன்னவர் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடுகிறவர். கேட்டுக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவியின் தம்பி.

"அதுக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணித் தையல் போட்டிருக்குல்ல மாமா, ஈரம் படக்கூடாதே."

"அதான் வைக்கோல் பரப்பி, டேபிள் ஃபேனையும் அது பக்கம் திருப்பிட்டேன். டாக்டரு தெனமும் கொஞ்ச தூரம் நடக்க வைக்கச் சொன்னாரு. இந்த மழையில என்னா பண்றது? ஊர்வலத்துல மாப்பிள்ளைக்குப் புடிக்கிற ஜரிகைக் குடைய அதுக்குப் புடிச்சிக்கினு, நான் நனைஞ்சிக்கினே போறேன். தெருவுல யாருக்குக் கல்யாணம்னு கேக்குறாங்க."

"தீனி எடுக்குதா?"

"பச்சப்புல்ல கையால ஊட்டுனாத்தான் திங்குது. செல்லம் ஜாஸ்தியாயிடுச்சி."

"பாவம் மாமா, வாயில்லாத ஜீவன். வலிச்சாலும் சொல்லாது."

இருவரும் கொஞ்ச நேரம் வருத்தமாக இருந்தார்கள். புதுச்சத்திரம் வந்தது. இறங்குவதற்காக எழுந்த பிறகுதான் தம்பிக்கு நினைவு வந்தது.

"அக்காவுக்கும் போன வாரந்தான வயித்துல ஆபரேஷன் ஆச்சி? எப்படி மாமா இருக்கு?"

"அவளுக்கென்னா, நல்லாத்தான் இருக்கா. குதிரை பக்கத்துலயே ஒரு நாற்காலியப் போட்டு உக்கார வெச்சிட்டு வந்திருக்கேன். கரண்டு போனா விசிறணும்ல."