‘ல்’ போய் ‘ன்’ வந்தது

எனக்கு டீயில் சர்க்கரை தூக்கலாக வேண்டும், இன்ஸ்பெக்டர் சார். என் மனைவி தங்கபுஷ்பம் போட்டால்தான் சரியாக இருக்கும். ஒரு சொட்டு ருசி பார்க்காமலே போடுவாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் ஊசி இல்லாமல் முடியாது.

அவளுக்காக நான் படாத பாடு இல்லை. எத்தனை உபவாசம், எத்தனை கண்ணீர். கடைசியில் ஈஸ்டர் ஆராதனையில் எழுந்து, என் மனைவி சுகமாகிவிட்டாள் என்று சாட்சி சொன்னேன். ஆகவில்லைதான். எங்கள் நந்தனம் சபையில் கிடைப்பதற்கு முன்பே விசுவாசத்தோடு அறிக்கை செய்வோம். எல்லோரும் கைதட்டினார்கள். ஊசியை நிறுத்தச் சொல்வேனோ என்று அவள் மட்டும் பயந்து அழுதாள்.

புதிதாக வந்த சேரன் பாஸ்டர் நிறையப் படித்தவர். நம்மை மீட்பது ‘கிறிஸ்துவில் விசுவாசமா’, ‘கிறிஸ்துவின் விசுவாசமா’ என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்களாம். வேதத்தில் அப்போஸ்தலன் பவுல் எழுதிய கிரேக்க வார்த்தைகளை இரண்டு விதமாகவும் படிக்கலாமாம். வேதபாட வகுப்பில் இவளைப் பார்த்தே சொன்னார்: “அக்கா, நீங்க எவ்ளோ நம்புறீங்கன்றது இல்ல, அவரு எவ்ளோ உண்மையா இருக்காருன்றதுதான். மருந்த போட்டுக்கினு நிம்மதியா இருங்க.”

அவள் நிம்மதியானாள். எனக்குத்தான் நெஞ்சு ஆறவில்லை. பிறகு யோசித்தேன். ஓர் எழுத்துதானே, ‘ல்’ போய் ‘ன்’ வந்தது. மீட்பது அவருடைய விசுவாசம் என்றால் இவளுடையது தேவையில்லை. இவளுக்குத் தெரியவும் வேண்டியதில்லை.

ஃபிரிட்ஜில் இருந்த இன்சுலின் பாட்டிலில் மருந்தை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஏற்றினேன். ஜெபித்த தண்ணீர். அவள் வேளை தவறாமல் போட்டுக்கொண்டாள்.

“நாக்கு வறண்டுகினே கீதுங்க, இன்னும் கொஞ்சம் தண்ணி குடுங்க” என்பாள். செம்பு செம்பாகக் கொடுத்தேன். வாந்தியெடுத்து மூச்சு வாங்கியபோது, “ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க” என்று கையைப் பிடித்தாள். ஆட்டோ பிடிக்கத் தெருமுனைவரை ஓடினேன். எதிரே சபைக்காரர் ஒருவர் வந்தார்.

“அக்கா சுகமா கீறாங்களாண்ணா?”

“கர்த்தர் கிருபை, சுகம்” என்று சொல்லித் திரும்பிவிட்டேன். சாட்சி பொய்யாகக் கூடாது அல்லவா.

அன்று மாலையே போய்விட்டாள். கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு விசுவாசம் குறைவு என்று மட்டும் எழுதாதீர்கள்.

என் சட்டைப் பையில் பிரஷர் மாத்திரை இருந்தது, சார். எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு வேளை தவறினாலும் எனக்கு ஆகாது.