எழுத்து வர்ற இடம்

...ஒரு சத்தமும் கிடையாதுண்ணே. குதிரை ஓடும், சத்தம் வராது. துப்பாக்கி வெடிக்கும், புகை மட்டும் வரும். இந்த மாதிரி ஊமை கௌபாய் படம் எங்க வீட்டுல நாப்பத்தொண்ணு இருக்கு. என் பீரோல துணி வைக்க இடமில்ல, டப்பா டப்பாவா பிலிம் சுருள். எல்லாம் எங்க மாமனார் சேர்த்தது. நான் கல்யாணமாகி வந்த மறுநாளே, "குதிரைய நிறுத்தாமயே எப்படி இறங்குறான் பாரும்மா"ன்னார். பார்த்தேன். இறங்கினான்.

நீங்க பாட்டுக்குப் படம் ஓட்டுற மெஷினப் பாருங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன்.

மூணு வருஷமா மாமாவுக்குக் கண்ணு சரியில்ல. ஆள் தெரியுது, எழுத்து தெரியல. வசனமெல்லாம் நடுநடுவுல இங்கிலீஷ்ல எழுத்தா வருமில்ல, அத நான்தான் தமிழ்ல படிச்சுச் சொல்லணும். மத்தவங்களுக்கெல்லாம் சரியா அந்த நேரம் பார்த்து வேலை வந்துடும். வசனமாவது பெருசா... "நில்லு, சுடுவேன்." "எங்க, சுடு பார்க்கலாம்." இதையே எத்தனை தடவ...

ஒரு நாள் அலுத்துப்போச்சுண்ணே. ஹீரோ கிளம்புறான், அவன் பொண்டாட்டி வாசல்ல நிக்கிறா. 'பத்திரமா போயிட்டு வாங்க'ன்னு எழுத்து வருது. நான், "காலையிலேர்ந்து ஒம்பது பேருக்கு சமைச்சுக் கொட்டினேன், சாப்ட்டியான்னு ஒருத்தன் கேக்கல"ன்னு படிச்சிட்டேன்.

மாமா படத்த நிறுத்தச் சொன்னார். சரி, மாட்டிக்கிட்டோம்னு நெனச்சேன். "இன்னொரு தடவ படிம்மா"ன்னார். படிச்சேன். அன்னிக்குத்தான், பதினோரு வருஷத்துல முதல் தடவையா, "நீ சாப்ட்டியாம்மா"ன்னு கேட்டார்.

அப்புறம் நான் எங்க நிறுத்துறது? எல்லாப் படத்துலயும் பொம்பளைங்க பேச ஆரம்பிச்சிட்டாங்க. மாமா சொல்லச் சொல்ல எங்க வீட்டுக்காரர் எழுதி, அறுபது பக்கக் கட்டுரை. இந்தப் படங்க பூரா பொம்பளைங்க மனக்குமுறலாம், உலகத்துல இதுவரைக்கும் யாருமே கவனிக்கலையாம். எப்படிக் கவனிப்பாங்க?

இத்தனை வருஷமா அவர் படப் பேச்ச எடுத்தாலே எழுந்து போனவங்கதான், இன்னிக்கு இந்த ஹால்ல அந்தக் கட்டுரையப் பத்தி அவர் பேசறதக் கேக்க வந்து உக்காந்திருக்காங்க. மாமா புதுச் சட்டை போட்டு முன் வரிசையில இருக்கார். படம் ஓடறப்ப நான் மைக்குல படிக்கணுமாம். வந்திருக்கிற அத்தனை பேருக்கும் கண்ணு நல்லாத் தெரியும்ணே. இங்கிலீஷும் தெரியும்.

அதான்... நீங்க பெருசா ஒண்ணும் பண்ண வேணாம். எழுத்து வர்றப்ப மட்டும் கொஞ்சம் மங்கலா விடுங்க. மெஷின் பழசுன்னு நான் சொல்லிக்கிறேன்.